ஒரே கணினியில் பிறர் கணக்குகள்: எந்த பேக்கப் மென்பொருள் ஏற்றது?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சில சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலை ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். விண்டோஸ் 11 உள்ள ஒரே கணினிதான். அதில் கணக்கு மென்பொருள், அவுட்லுக் அஞ்சல், ரசீதுகளின் ஸ்கேன் படங்கள் என ஏறத்தாழ 180 ஜிபி தரவு இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்து வைப்பேன். சென்ற மாதம் ஹார்டு டிஸ்க் திடீரென்று கணினியில் தெரியாமல் போய்விட்டது. பழுதுபார்ப்பவர் இரண்டு நாள் போராடித் தரவை மீட்டுக் கொடுத்தார். பென் டிரைவில் கணக்கு மென்பொருளின் தரவு ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது புதிய எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். விண்டோஸுடன் வருவதே போதுமா, வேறு இலவச மென்பொருள் வேண்டுமா, ஆண்டுச் சந்தா கட்டி வாங்க வேண்டுமா? ஒன்டிரைவ் இருக்கும்போது வேறு எதற்கு என்கிறார் நண்பர். ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் இப்போது வேலை செய்கிறது. அதையே பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புடையீர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஹார்டு டிஸ்க் பழுதானது அல்ல. வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் நகலெடுத்தும் கணக்குத் தரவு அந்த நகலில் இல்லாமல் போனதுதான். மென்பொருள் இல்லாததால் இது நேரவில்லை. தரவு இல்லாத கோப்புறையை நீங்கள் நகலெடுத்துக்கொண்டிருந்தீர்கள். இதைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும், அதே தவறான கோப்புறையை அது இன்னும் ஒழுங்காகவும் வேகமாகவும் நகலெடுக்கும், அவ்வளவுதான். ஆகவே மென்பொருள்களின் பெயர்களுக்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

கணக்கு மென்பொருள்கள் பலவும் தங்கள் தரவை 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் வைப்பதில்லை. சில, சி டிரைவின் மேல்மட்டத்திலேயே தங்கள் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிக்கொள்கின்றன. சில, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் 'புரோகிராம் டேட்டா' கோப்புறைக்குள் வைக்கின்றன. உங்கள் மென்பொருளின் அமைப்புகள் பக்கத்தில் தரவு இருக்கும் இடம் முழுப் பாதையுடன் காட்டப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். அவுட்லுக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சல் கணக்கு 'பாப்' முறையில் இணைக்கப்பட்டிருந்தால், சர்வரிலிருந்து இறக்கப்பட்ட கடிதங்கள் பிஎஸ்டி என்னும் கோப்பில்தான் இருக்கும். அவை வேறெங்கும் இல்லாமலும் போகலாம். 'ஐமேப்' அல்லது எக்ஸ்சேஞ்ச் முறையாக இருந்தால் கணினியில் இருப்பது ஓஎஸ்டி என்னும் நகல் மட்டுமே. மூலம் சர்வரில் இருப்பதால், கணினி போனாலும் அஞ்சல் திரும்பக் கிடைத்துவிடும். எனவே பிஎஸ்டி கோப்பு இருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த இழப்புக்கு எதிராக நகல் எடுக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிடுவது அல்லது ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் தவறாகத் திருத்திச் சேமித்துவிடுவது ஒரு வகை இழப்பு. இதற்கு அந்தக் கோப்பின் பழைய பதிப்பு கிடைத்தால் போதும். ஐந்து நிமிட வேலை. கணினியே போய்விடுவது இரண்டாம் வகை. அப்போது கோப்புகள் கையில் இருந்தாலும் விண்டோஸை நிறுவி, கணக்கு மென்பொருளை நிறுவி, அதன் உரிமத்தை மீண்டும் செயல்படுத்தி, பிரிண்டரையும் ஸ்கேனரையும் இணைத்து, அஞ்சலை அமைத்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். முழுப் படிமம் எனப்படும் நகல் இந்த இரண்டாவது இழப்புக்கானது. அது விண்டோஸ், மென்பொருள்கள், அமைப்புகள், தரவு என டிரைவில் உள்ள அனைத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. புதிய எஸ்எஸ்டியில் அதை இறக்கினால் சில மணி நேரத்தில் பழைய கணினியே திரும்ப வந்து நிற்கும். கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நெருங்கும் வாரத்தில் இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

கணக்கு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, திறந்திருக்கும் கோப்பு. கணக்கு மென்பொருளின் தரவு ஒரு தரவுத்தளம். அதன் ஒரு பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே நகலெடுத்தால், நகலில் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் இருந்துவிடலாம். அப்படிப்பட்ட நகல் பார்வைக்கு முழுமையாகத் தெரியும்; திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். விண்டோஸில் இதற்காகவே 'வால்யூம் ஷேடோ காப்பி' என்ற வசதி இருக்கிறது. அது டிரைவின் நிலையை ஒரு கணத்தில் உறைய வைத்து, அந்த உறைந்த நிலையிலிருந்து நகலெடுக்க விடுகிறது. நல்ல பேக்கப் மென்பொருள்கள் இதைப் பயன்படுத்துகின்றன. கோப்புறையை இழுத்துப் பென் டிரைவில் போடும் முறையில் இது கிடையாது. ஆனால் இந்த வசதிகூட, தரவுத்தளம் அதனோடு ஒத்துழைக்கும்படி எழுதப்படாதவரை, வேலையின் நடுவில் மின்சாரம் போனால் தரவு எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையைத்தான் பிடிக்கும். பெரும்பாலும் அதிலிருந்து மீண்டு வரலாம், எப்போதும் என்று சொல்ல முடியாது. எனவே எந்த மென்பொருளை வாங்கினாலும், கணக்கு மென்பொருளின் உள்ளேயே இருக்கும் 'பேக்கப்' கட்டளையை நாள்தோறும் வேலை முடிந்ததும் இயக்கி, தேதியிட்ட ஒரு கோப்பாகத் தனிக் கோப்புறையில் சேமித்துவிடுங்கள். வெளி மென்பொருள் அந்தக் கோப்புறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும். தரவை எப்படி முழுமையாக எடுப்பது என்பது அந்தக் கணக்கு மென்பொருளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இனி உங்கள் நண்பர் சொன்னதற்கு வருவோம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை அடிப்படையில் ஒத்திசைவுச் சேவைகள்: இங்கு மாறியது அங்கும் மாறும், இங்கு அழிந்தது அங்கும் அழியும். இரண்டிலும் அழித்த கோப்புகள் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். ஒன்டிரைவின் அலுவலகக் கணக்குகளில் 93 நாள். மைக்ரோசாப்ட் 365 சந்தா உள்ளவர்கள் தங்கள் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாட்களுக்குள் ஒரு நாளுக்குத் திருப்பிக்கொள்ளவும் முடியும். ஆகவே நண்பர் சொல்வது முழுக்கத் தவறில்லை. ஆனால் உங்கள் தொழிலில் பிழைகள் 30 நாளுக்குள் வெளிப்படுவதில்லை. காலாண்டு முடிவிலோ ஆண்டு முடிவிலோ கணக்கு நேராகாதபோதுதான் தேடத் தொடங்குவீர்கள். நான்கு மாதத்துக்கு முந்தைய நிலை தேவைப்படும்போது 30 நாள் குப்பைத்தொட்டி உதவாது. மேலும், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒன்டிரைவ் சில கோப்புகளை இணையத்தில் மட்டும் வைத்துக்கொண்டு கணினியில் பெயரை மட்டும் காட்டும். அந்த நிலையில் எடுக்கப்படும் முழுப் படிமத்திலும் பெயர்தான் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. ஒன்டிரைவைத் தொடர்ந்து பயன்படுத்துவதானால், தொழில் கோப்புறைகளை 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு' என்று அமைத்துவிடுங்கள். கணக்கு மென்பொருளின் நேரடித் தரவுக் கோப்புறையையும் பிஎஸ்டி கோப்பையும் ஒன்டிரைவுக்குள் கொண்டுபோய் வைக்கவே வேண்டாம். வேலை நடக்கும்போதே ஒத்திசைவு அவற்றைத் தொட்டால் சிக்கல் வரும்.

இதிலிருந்தே மென்பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பிறக்கிறது: எத்தனை பழைய நிலைகளை, எவ்வளவு காலத்துக்கு வைத்திருக்கும்? இந்தத் துறையில் பாட்டன், தந்தை, மகன் என்று சொல்லப்படும் ஒரு பழைய முறை உண்டு. அண்மைய நாட்களுக்குத் தினசரி நகல், அதற்கு முந்தைய வாரங்களுக்கு வாரம் ஒன்று, அதற்கும் முந்தையதற்கு மாதம் ஒன்று என அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே போவது. ஆப்பிள் 2007இல் கொண்டுவந்த டைம் மெஷினும் இதே போக்கில்தான் மணிக்கணக்கில் தொடங்கி வாரக்கணக்கில் முடிகிறது. உங்களுக்கு 14 தினசரி நகல், 8 வார நகல், 12 மாத நகல் இருந்தால் ஓராண்டுக் கணக்கு கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். ஒவ்வொன்றும் முழு நகலாக இருக்கத் தேவையில்லை. முதலில் ஒரு முழு நகலும் அதன்பின் மாறியவை மட்டும் சேர்ந்த தொடர் நகல்களுமாக வைத்தால் இடம் குறையும். தொடரில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பின்னுள்ளவையும் கெடும் என்பதால், மாதம் ஒருமுறையாவது புதிய முழு நகலிலிருந்து தொடங்கச் செய்யுங்கள்.

ரான்சம்வேர் என்னும் பணயத் தீம்பொருளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மென்பொருள் தேர்வில் இதற்குப் பெரிய இடமுண்டு. 2013இல் பரவிய கிரிப்டோலாக்கர், கணினியின் உள் டிரைவோடு நிற்காமல், அதில் செருகியிருந்த வெளி டிரைவுகளையும் டிரைவ் எழுத்து பெற்றிருந்த நெட்வொர்க் பகிர்வுகளையும் பூட்டியது. பின்னர் வந்த பல தீம்பொருள்கள் விண்டோஸ் தானே வைத்திருக்கும் ஷேடோ நகல்களை முதல் வேலையாக அழிக்கின்றன. எப்போதும் செருகியே இருக்கும் வெளி டிரைவில் எத்தனை நகல் இருந்தாலும் அது கணினியோடு சேர்ந்தே மூழ்கும் படகுதான். எனவே இரண்டு வெளி டிரைவுகள் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று கணினியோடு இருக்கும்போது மற்றது வீட்டுக்கு வெளியே, நம்பகமான வேறோர் இடத்தில் இருக்கட்டும். நகல் முடிந்ததும் டிரைவைத் தானே துண்டித்துவிடும் வசதி மென்பொருளில் இருந்தால் அதற்கு நான் தனி மதிப்பெண் தருவேன்.

வெளியே ஒரு நகல் என்பது, மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடம் என்ற 3-2-1 விதியின் கடைசி எண். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய விதி இது. கணினிப் பொறியாளர்கள் ஒரு புகைப்படக் கலைஞரிடமிருந்து கற்றுக்கொண்டதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. வெளியிடத்துக்கு மேகக்கணிச் சேவையையும் பயன்படுத்தலாம். ஆனால் மேகக்கணி என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிகளே. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்தபோது, மூலத் தரவையும் நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். மேகக்கணி நகல் கூடுதல் பாதுகாப்பு. வீட்டில் உள்ள டிரைவுக்கு மாற்று அல்ல.

வேகத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், 180 ஜிபியை முதல்முறை அனுப்ப இடைவிடாமல் 40 மணி நேரம் ஆகும். நடைமுறையில் பல இரவுகள். அதன்பின் மாறியவை மட்டுமே போவதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முழுப் படிமத்தை இணையம் வழியே அனுப்ப முயல வேண்டாம். கணக்கு மென்பொருளின் பேக்கப் கோப்புகள், ஸ்கேன் படங்கள், பிஎஸ்டி ஆகிய மூன்றும் போனால் போதும்.

அப்படி அனுப்புவதும் வெளி டிரைவில் வைப்பதும் பிறருடைய கணக்குகள் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் பென் டிரைவ் எங்கேனும் தவறி விழுந்திருந்தால், எடுத்தவர் யாராயினும் உங்கள் வாடிக்கையாளர்களின் ஆவணங்களைப் படித்திருக்க முடியும். ஆகவே குறியாக்கம், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டும் வசதி, இல்லாத மென்பொருளைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள். ஏஇஎஸ் 256 பிட் குறியாக்கம் இன்று பொதுவான தரம். கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கும்படி, கணினியிலேயே பூட்டி அனுப்பும் முறையாக இருக்க வேண்டும். இதன் மறுபக்கம் கடுமையானது: கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மென்பொருளைச் செய்தவர்களாலும் திறக்க முடியாது. அதைத் தாளில் எழுதி, கணினி இருக்கும் அறையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். அதே தாளில், விண்டோஸின் டிரைவ் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் எழுதிவிடுங்கள். அண்மைக் கால விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிரைவ் குறியாக்கம் உரிமையாளர் கவனிக்காமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. மதர்போர்டு பழுதாகி எஸ்எஸ்டியை வேறு கணினியில் போடும் நாளில் அந்த 48 எண்கள் இல்லாவிட்டால் நல்ல நிலையில் உள்ள டிரைவும் திறக்காது.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். விண்டோஸுடன் வருபவற்றில் 'ஃபைல் ஹிஸ்டரி' பயனுள்ளதுதான். 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது, கோப்புகளின் பழைய பதிப்புகளை மணிக்கொருமுறை எடுத்து வைக்கிறது. ஆனால் அது இயல்பாகப் பார்ப்பது உங்கள் நூலகக் கோப்புறைகளையும் டெஸ்க்டாப்பையும் போன்ற சிலவற்றை மட்டுமே. கணக்குத் தரவு சி டிரைவின் மேல்மட்டத்தில் இருந்தால் நீங்களாகச் சேர்க்காதவரை அதைத் தொடாது. உங்கள் பென் டிரைவில் நடந்ததேதான் இங்கும் நடக்கும். தானே குறியாக்கமும் செய்யாது. விண்டோஸ் 7 காலத்து முழுப் படிம வசதி இன்னும் கண்ட்ரோல் பேனலில் ஒளிந்திருக்கிறது. மைக்ரோசாப்ட் 2017லேயே அதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்து, பிற நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தும்படி சொல்லிவிட்டது. 'விண்டோஸ் பேக்கப்' என்ற பெயரில் 2023இல் வந்த செயலி, அமைப்புகளையும் சில கோப்புறைகளையும் ஒன்டிரைவுக்கு அனுப்புவது. பெயரைப் பார்த்து அது முழு நகல் என்று எண்ணிவிட வேண்டாம்.

முழுப் படிமத்துக்கு உங்கள் நிலையில் நான் தேர்ந்தெடுப்பது 'வீம் ஏஜென்ட்' விண்டோஸ் இலவசப் பதிப்பு. கணினி முழுவதையும் எடுக்கும், மாறியவற்றை மட்டும் தொடரும், குறியாக்கம் செய்யும், படிமத்துக்குள்ளிருந்து ஒற்றைக் கோப்பை மட்டும் எடுக்கவும் விடும், விண்டோஸ் இயங்காதபோது கணினியைத் தொடங்கி நகலை இறக்க உதவும் மீட்பு யுஎஸ்பியை உருவாக்கித் தரும். நான் மேலே மதிப்பெண் தருவதாகச் சொன்ன தானாகத் துண்டிக்கும் வசதியும் இதில் உண்டு. இலவசப் பதிப்பில் ஒரே ஒரு பணியைத்தான் அமைக்க முடியும் என்பது குறை. அந்த ஒன்றை வெளி டிரைவுகளுக்கு ஒதுக்கிவிட்டு, மேகக்கணிக்கு வேறு கருவி வைத்துக்கொள்ளலாம். இதன் திரைகள் நிறுவனங்களின் கணினித் துறையினருக்காக எழுதப்பட்டவை போல இருப்பதால் முதல் அரை மணி நேரம் சற்று மிரட்டும். வீட்டுப் பயனாளருக்கேற்ற எளிய திரையும் கேட்டால் பதில் சொல்லும் உதவிப் பிரிவும் வேண்டுமென்றால் மேக்ரியம் ரிஃப்ளெக்ட், அக்ரானிஸ் ட்ரூ இமேஜ் போன்ற கட்டணப் பதிப்புகளுக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. குளோன்சில்லா நம்பகமான இலவசக் கருவி. ஆனால் ஒவ்வொரு முறையும் கணினியை அதிலிருந்து தொடங்கிக் கையால் இயக்க வேண்டியிருப்பதால், வேலைக் களைப்பில் மூன்றாவது வாரமே கைவிட்டுவிடுவீர்கள்.

மேகக்கணிக்கு அனுப்ப டூப்ளிகாட்டி, கோப்பியா ஆகிய இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். கணினியிலேயே குறியாக்கம் செய்து, நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சேமிப்பிடத்துக்கு அனுப்பும், பழைய பதிப்புகளை நீங்கள் விதித்தபடி வைத்திருக்கும். இரண்டுக்கும் வரைகலைத் திரை உண்டு. ரெஸ்டிக் என்பதும் மிக நல்ல கருவி, ஆனால் கட்டளை வரியில் இயங்குவது. உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இந்த அமைப்பு வேலையே வேண்டாம் என்றால், சேமிப்பிடமும் மென்பொருளும் சேர்ந்த கட்டணச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். அப்போது, எந்தெந்தக் கோப்புறைகளை அந்தச் சேவை தானாகவே ஒதுக்கிவிடுகிறது என்ற பட்டியலை முதலில் படித்து, உங்கள் கணக்குக் கோப்புறை அதில் அகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இலவசமா, சந்தாவா என்ற கேள்வியை நான் வேறு வகையில் கேட்பேன்: சந்தா முடிந்த மறுநாள், அல்லது அந்த நிறுவனம் அந்தப் பொருளையே நிறுத்திய மறுநாள், என் நகலை என்னால் திறக்க முடியுமா? இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. வீட்டுப் பயனாளர்களிடையே பெயர் பெற்றிருந்த கிராஷ்பிளான், 2017இல் அவர்களுக்கான சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மேக்ரியம் தன் இலவசப் பதிப்பை 2024 தொடக்கத்தில் முடித்துக்கொண்டது. எனவே மீட்கும் கருவி உரிமம் இல்லாமலும் இயங்குமா, அதன் நிறுவும் கோப்பை இப்போதே தரவிறக்கி அதே வெளி டிரைவில் நகலோடு வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால், இலவசம், கட்டணம் என்ற வேறுபாடு உங்கள் பொறுமையையும் வசதியையும் பொறுத்ததுதான்.

'ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய' மென்பொருள் கேட்டிருந்தீர்கள். நகலெடுப்பதை மறக்கலாம், அது நடந்ததா என்று பார்ப்பதை மறக்க முடியாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக மூலத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அதன்பிறகுதான், அன்றாட நகல் எடுக்கும் பணி மென்பொருள் பதிப்புப் பொருத்தமின்மையால் தோற்றுக்கொண்டே இருந்ததும், தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டுவந்ததும் அவர்களுக்குத் தெரிய வந்தன. தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த வேறொரு நகலால் மீண்டார்கள். இதை அவர்களே வெளிப்படையாக எழுதியதால்தான் நாம் அறிகிறோம். கணினியே தொழிலாக உள்ளவர்களுக்கே இது நேர்ந்தது. என் அனுபவத்திலும், ஒரு வாடிக்கையாளரின் திரையில் ஏழு மாதம் பச்சைக் குறி தவறாமல் வந்துகொண்டிருந்தது; கணக்கு மென்பொருள் மேம்படுத்தப்பட்டபோது தரவு வேறு கோப்புறைக்கு மாறியிருந்ததால், காலியாகிப்போன பழைய கோப்புறையைத்தான் அந்தப் பச்சைக் குறி ஏழு மாதமும் காவல் காத்தது. தோல்வியை மட்டும் அறிவிக்கும் மென்பொருளைவிட, வெற்றியையும் அளவோடு அறிவிக்கும் மென்பொருளை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். நேற்று 3 ஜிபி, இன்று 0 என்று வந்தால் கண்ணில் படும்.

மாதம் ஒருமுறை, ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் கணக்குக் கோப்பை நகலிலிருந்து வேறொரு கோப்புறைக்கு மீட்டு, கணக்கு மென்பொருளில் திறந்து, கடைசிப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மூலக் கோப்பின் மேலேயே மீட்டுவிடாதீர்கள். மீட்பு யுஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, வெளி டிரைவும் விசைப்பலகையும் அங்கே தெரிகின்றனவா என்று இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த யுஎஸ்பி கணினியைத் தொடங்காது என்பது தெரிய வேண்டிய நாள் எஸ்எஸ்டி பழுதான நாளாக இருக்கக் கூடாது. முடிந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு உபரி எஸ்எஸ்டியில் முழுப் படிமத்தை இறக்கிப் பாருங்கள். அப்படிச் செய்யும்போது உங்கள் அசல் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது; எந்த டிரைவில் எழுதுவது என்று கேட்கும் திரையில் கை தவறிய கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம்.

மாதம் ஒரு முழு நகல் என ஓராண்டுக்கு வைத்தால் 2 டிபியைத் தாண்டிவிடலாம் என்பதால், வெளி டிரைவுகள் 4 டிபி இருந்தால் தாராளம். வேகம் முக்கியமில்லை என்பதால் சாதாரண ஹார்டு டிஸ்க்கே போதுமானது. வாங்கியதும் எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள்: எஃப்ஏடி32 வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் படிமக் கோப்பு அங்கே சிக்கும், என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பென் டிரைவை மீட்புக் கருவிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நகலுக்கு அதை நம்புவதை விட்டுவிடலாம்.

கடைசியாக, அந்தப் பழைய ஹார்டு டிஸ்க். வேண்டாம். இலட்சக்கணக்கான டிரைவுகளை இயக்கிவரும் பேக்பிளேஸ் நிறுவனம் 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, அந்த ஆண்டில் அவர்களுடைய டிரைவுகளில் ஏறத்தாழ 1.57 சதவீதம் பழுதாயின. அது நல்ல நிலையில் பணிக்கு வந்த டிரைவுகளுக்கான எண். ஒருமுறை கணினிக்குத் தெரியாமல் போய்த் திரும்பி வந்த டிரைவ் அந்தக் கணக்கில் அடங்காது. மீட்பின்போது எல்லாத் தரவும் சரியாக வந்ததா என்று சரிபார்க்கும் வரை, இன்னும் ஒரு மாதம் போல, அதைச் செருகாமல் அப்படியே ஓரிடத்தில் வையுங்கள். ஏதேனும் கோப்பு விடுபட்டிருந்தால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அதன்பின் தூக்கி எறியும் முன், வாடிக்கையாளர்களின் தரவு அதில் இருப்பதால், டிரைவ் முழுவதையும் மேலெழுதி அழியுங்கள். அதற்குள் மீண்டும் கணினிக்குத் தெரியாமல் போய்விட்டால், பழுதுபார்ப்பவரிடம் சொல்லி உள்ளிருக்கும் தட்டுகளில் துளையிட்டுவிடச் சொல்லுங்கள்.